நோட்டுக்குப் பதிலாக ஈஸி அப்பாயின்ட்மென்ட்ஸ்

வருகிறவர்களுக்கு நாளும் நேரமும் ஒதுக்கிப் பதிவு செய்யும் இணைய மென்பொருள் ஈஸி அப்பாயின்ட்மென்ட்ஸ். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வாடிக்கையாளர் பார்க்கும் முன்பக்கத்தைத்தான் காட்டுகிறார்கள். வாடிக்கையாளர் சேவையைத் தேர்ந்தெடுக்கிறார், நாளும் நேரமும் பார்க்கிறார், பெயரும் போன் நம்பரும் போடுகிறார், உறுதி செய்கிறார். நாலு படி, வேலை முடிந்தது. எங்கள் ஊரில் அப்படி நடப்பதில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் பிசியோதெரபி நிலையத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். போன் அடித்து, "யம்மா, நாளைக்குக் கரண்ட் வைக்க எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்பார்கள். சிலர் அதுவும் கேட்காமல் நேரில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் முன்பக்கத்தின் அழகை வைத்து இதை எடைபோட எனக்கு மனமில்லை. காதில் போனும் கையில் மவுஸுமாக ரிசப்ஷனில் இருப்பவருக்கு இது உதவுகிறதா என்பதுதான் என் கேள்வி. உதவுகிறது. ஆனால் எங்கள் தொழிலுக்கு மிகவும் வேண்டிய ஒரு வசதி இதில் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நிலையம் என் மனைவியுடையது. அவளோடு இன்னொரு தெரபிஸ்ட், ரிசப்ஷனில் ஒரு அக்கா. கணக்கு, கம்ப்யூட்டர், இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் என் தலையில். ஐஎஃப்டி என்ற கரண்ட் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், இடுப்பையும் கழுத்தையும் இழுத்துவிடும் ட்ராக்‌ஷன், மெழுகு ஒத்தடம், அப்புறம் உடற்பயிற்சி, இவைதான் அன்றாட வேலை. இத்தனை வருடமும் நீளமான கணக்கு நோட்டில் கோடு போட்டு, இடப்பக்கம் மனைவி, வலப்பக்கம் மற்றவர் என்று எழுதி ஓட்டினோம். நோட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஒன்றைத் தவிர: அது ஒரே இடத்தில்தான் இருக்கும். ராத்திரி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நாளைக்குக் காலையில் முதலில் யார் வருகிறார் என்று தெரியவேண்டுமானால் ரிசப்ஷன் அக்காவுக்குப் போன் போடவேண்டும். அவர் நோட்டைக் கடையில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருப்பார்.

பொருள் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலெக்ஸ் ட்செலெகிடிஸ் என்ற கிரேக்க நிரலாளர் உருவாக்கியது. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் வருவதால் இலவசம். மூல நிரலும் கைக்கு வந்துவிடும். பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது, தகவல்களை மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் வைக்கிறது. உள்ளே தெரியும் நாட்காட்டியை வரைவது ஃபுல்காலண்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். நாங்கள் வைத்திருப்பது 2024இல் வந்த 1.5 வரிசை. இதற்கு பிஎச்பி 8.1 அல்லது அதற்கு மேல் வேண்டும். பழைய ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகை சர்வர்) கணக்கு வைத்திருப்பவர்கள் முதலில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனல் பக்கத்தில் பதிப்பை மாற்றும் இடம் இருக்கும். இல்லாவிட்டால் ஹோஸ்டிங்காரரிடம் கேட்கவேண்டியதுதான்.

நிறுவுவது கஷ்டமில்லை. ஜிப்பை ஏற்றிப் பிரித்து, காலியான ஒரு தரவுத்தளம் உருவாக்கி, கூடவே வரும் மாதிரி கான்ஃபிக் (அமைப்பு) கோப்பின் பெயரை மாற்றி, அதில் தளத்தின் முகவரியையும் தரவுத்தளத்தின் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றையும் நிரப்பினால் போதும். பிரவுசரில் திறந்ததும் அதுவே நிறுவல் பக்கத்துக்குக் கொண்டுபோய் நிர்வாகியின் பெயரையும் நிலையத்தின் பெயரையும் கேட்கும். வேர்ட்பிரஸ் போட்டுப் பழகியவர்களுக்கு இது தெரிந்த வேலைதான். ஒன்றே ஒன்று கவனிக்கவேண்டும். நேர மண்டலம் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக இருக்கிறது. எல்லோருக்கும் கொல்கத்தா என்று வையுங்கள். யாராவது ஒருவருக்கு உலகப் பொது நேரமான யுடிசி என்று விட்டுவிட்டால் அவருடைய நேரம் மட்டும் ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும். தேதி வடிவத்தையும் நாள், மாதம், வருடம் என்ற வரிசைக்கு அப்போதே மாற்றிவிடுங்கள்.

இதன் அடிப்படை அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. நிர்வாகி, சேவை தருபவர், செயலாளர், வாடிக்கையாளர் என்று நாலு வகை ஆட்கள். ரிசப்ஷன் அக்காவைச் செயலாளராகப் போட்டு, இரண்டு தெரபிஸ்ட்களையும் அவர் பொறுப்பில் விட்டோம். இரண்டு பேருடைய நாட்காட்டியையும் அவர் பார்க்கலாம், மாற்றலாம். பொது அமைப்புகளில் கை வைக்க முடியாது. இது சின்ன விஷயமில்லை. எதையோ தொட்டு எல்லாம் போய்விடுமோ என்ற பயம்தான் எங்கள் ஊரில் கம்ப்யூட்டருக்கு முதல் எதிரி. தொட முடியாத இடம் கண்ணில் படாமலே இருந்தால் அந்தப் பயமும் வராது.

உள்ளே நாட்காட்டியை இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று, ஒருவருடைய வாரம் முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரிவது. இதில் பதிவை மவுஸால் இழுத்து வேறு நேரத்துக்கு நகர்த்தலாம், அடிப்பக்கத்தைப் பிடித்து இழுத்தால் நேரம் நீளும். இன்னொன்று அட்டவணைப் பார்வை. இதில் ஒரே நாளுக்கு எல்லாத் தெரபிஸ்ட்களும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியாக நிற்பார்கள். இந்த இரண்டாவதைத் திறந்ததும் அக்கா, "இது நம்ம நோட்டுதானே சார்" என்றார். அதன் பிறகு அவருக்கு நான் சொல்லித்தர அதிகம் எதுவும் இருக்கவில்லை. பழைய நோயாளியாக இருந்தால் பெயரில் நாலு எழுத்தோ போன் நம்பரில் பாதியோ அடித்தால் ஆள் வந்துவிடுவார். தமிழில் அடித்த பெயர்களும் கோளாறில்லாமல் சேமிக்கப்படுகின்றன. ஆனால் ஒருவரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு முறை ஏற்றிவிட்டால் அது இரண்டு ஆட்களாகத்தான் இருக்கும். எந்த எழுத்து என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வேலை நேரம் வைக்கும் இடத்தில் மட்டும் நிதானமாக உட்காரவேண்டும். இந்த ஸ்கிரிப்டின், அதாவது மென்பொருளின், உயிர் அங்கேதான் இருக்கிறது. நாங்கள் காலை 9 முதல் 1 வரை, சாயங்காலம் 4 முதல் 8 வரை திறந்திருக்கிறோம். ஒரே நாளில் இரண்டு வேளை என்று தனியாகக் கேட்காது. 9 முதல் இரவு 8 வரை என்று வைத்து, நடுவில் 1 முதல் 4 வரை இடைவேளை என்று சேர்க்கவேண்டும். இடைவேளை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரு குறிப்பிட்ட தேதிக்கு மட்டும் வேறு நேரம் என்றால் அதற்கு விதிவிலக்கு போட வழி இருக்கிறது. 1.5இல் நிலையம் முழுவதையும் ஒரே அடியாக மூடிவைக்கும் வசதியும் வந்திருக்கிறது. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அன்றைக்கு அதைத்தான் போட்டோம். பங்குனி உத்திரத்துக்கு அது தேவைப்படாது. நாங்கள் திறந்து வைத்திருந்தாலும் ஊரே சாஸ்தா கோயிலுக்குப் போயிருக்கும்.

அடுத்தது, நேரத்தை வெட்டிக்கொடுக்கும் முறை. ஒவ்வொரு சேவைக்கும் இத்தனை நிமிடம் என்று வைக்கும்போது, நெகிழ்வானதா நிலையானதா என்றும் கேட்கும். நெகிழ்வு என்றால் இயல்பில் கால் மணிக்கொரு தொடக்கம் காட்டும். நிலையானது என்றால் சேவையின் நீளத்துக்கே வெட்டும். முதல் பரிசோதனைக்கு நாற்பது நிமிடம் வைத்திருக்கிறோம். நெகிழ்வில் ஒருவர் 9.15ஐப் பிடித்துக்கொண்டால் அதற்கு முந்தைய கால் மணி யாருக்கும் உதவாமல் போகும். நிலையானதில் 9.00, 9.40, 10.20 என்று அடுக்காக வரும். பரிசோதனைக்கு நிலையானது, மற்றவைக்கு நெகிழ்வு என்று வைத்தோம். எல்லாமே ஒரே நீளமுள்ள தொழில் என்றால், உதாரணத்துக்கு வீணை வகுப்பு, யோசிக்காமல் நிலையானதைப் போடுங்கள்.

இப்போது மெஷின் பிரச்சினைக்கு வருகிறேன். எங்களிடம் ட்ராக்‌ஷன் கட்டில் ஒன்றுதான். தெரபிஸ்ட்கள் இரண்டு பேர். இருவருடைய நாட்காட்டியிலும் நேரம் காலியாக இருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ட்ராக்‌ஷன் பதிவாகிவிடும். கட்டில் ஒன்றுதானே என்று ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. அறை, கருவி, நாற்காலி போன்றவற்றைத் தனியாகக் கணக்கு வைக்கும் ஏற்பாடு இதில் கிடையாது. நாங்கள் செய்த உபாயம், கட்டிலையே ஒரு ஊழியராக நியமித்ததுதான். பெயர் ட்ராக்‌ஷன், சேவை ஒன்று, வேலை நேரம் நிலையத்தின் நேரம். சம்பளம் இல்லை, லீவு இல்லை. ட்ராக்‌ஷனில் தெரபிஸ்ட் வந்து பட்டையைக் கட்டி, எடையைச் சரிபார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போகலாம் என்பதால் இது எங்களுக்குச் சரிப்பட்டது. அழகு நிலையத்திலோ பல் மருத்துவமனையிலோ ஆளும் நாற்காலியும் சேர்ந்தே பூட்டப்படவேண்டும். அங்கே இந்த உபாயம் பலிக்காது.

மேலே சொன்ன பெரிய குறை இதுதான். திரும்பத் திரும்ப வரும் பதிவுகளை ஒரே தடவையில் போட முடியாது. பிசியோதெரபியில் யாரும் ஒரு நாள் வந்துவிட்டுப் போவதில்லை. "பத்து சிட்டிங் வரணும்" என்று மனைவி சொல்லிவிடுவாள். தினமும் சாயங்காலம் 5.30க்குப் பத்து நாள். நோட்டில் பத்துப் பக்கத்தைப் புரட்டிப் பத்துத் தடவை பெயர் எழுதவேண்டும். இங்கேயும் பத்துத் தடவை பதிவுப் பெட்டியைத் திறந்து, ஆளைத் தேடி, சேமிக்கவேண்டும். கம்ப்யூட்டர் வாங்கியும் அந்தப் பாடு குறையவில்லை. அக்கா இப்போது மூன்று நாளைக்கு மட்டும் போட்டுவைக்கிறார். ஆள் வந்துகொண்டிருந்தால் அடுத்த மூன்று. பாதிப் பேர் நாலாம் நாள் வலி குறைந்ததும் நின்றுவிடுவதால் அவர் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இது மனிதர் கண்டுபிடித்த வழி, ஸ்கிரிப்ட் தந்ததில்லை. ட்யூஷன், நடன வகுப்பு, டயாலிசிஸ் மாதிரி முறை வைத்து நடக்கும் எதுவானாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு முறை யோசியுங்கள்.

நினைவூட்டலும் அப்படித்தான். பதிவு செய்ததும், மாற்றியதும், ரத்து செய்ததும் மின்னஞ்சல் போகும். முந்தின நாள் "நாளைக்கு வாங்க" என்று தானாகச் சொல்லாது. எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் எதுவும் உள்ளே இல்லை. வெளி மென்பொருளோடு இணைக்க ஏபிஐயும் வெப்ஹுக்கும் தந்திருக்கிறார்கள். எழுதத் தெரிந்த ஆள் இருந்தால் செய்துகொள்ளலாம். நாங்கள் செய்யவில்லை. சாயங்காலம் கடை சாத்துமுன் அக்கா அட்டவணைப் பார்வையைப் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி போடுகிறார்.

மின்னஞ்சல் அனுப்புவதில் ஸ்கிரிப்டைவிட ஹோஸ்டிங்தான் தொந்தரவு. எங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரிலிருந்து நேரடியாகப் போன கடிதங்கள் எல்லாம் ஸ்பாமில் போய் விழுந்தன. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் மேலான பிளானுக்கு மாறச் சொன்னார்கள். மாறவில்லை. மின்னஞ்சல் அமைப்புக் கோப்பில் எஸ்எம்டிபி (கடிதம் அனுப்பும் சர்வர்) விவரங்களை நிரப்பி, வேறு கணக்கு வழியாக அனுப்பினோம், சரியாகிவிட்டது. நோயாளிகளில் மின்னஞ்சல் வைத்திருப்பவர்களே குறைவு என்பது வேறு கதை. 1.5இல் பதிவுப் படிவத்தில் எந்தக் கட்டம் கட்டாயம், எது வேண்டாம் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். மின்னஞ்சலையும் பின்கோடையும் விலக்கி, போன் நம்பரை மட்டும் கட்டாயமாக்கினோம். கூடுதலாக ஐந்து கட்டங்கள் நம் விருப்பத்துக்குச் சேர்க்கலாம். ஒன்றில் யார் பரிந்துரைத்தது என்று கேட்கிறோம்.

கூகுள் காலண்டரோடு இணைப்பதுதான் என் மனைவிக்கு மிகவும் பிடித்தது. அவள் போனில் ஏற்கெனவே இருக்கும் காலண்டரிலேயே நாளைய நோயாளிகள் வந்துவிடுகிறார்கள். அவள் அதில் தன் சொந்த வேலையைக் குறித்தால், அடுத்த ஒத்திசைவில் இங்கே அந்த நேரம் அடைபடும். அமைப்பதற்குக் கூகுள் கிளவுட் பக்கத்தில் போய்ச் சாவி வாங்கி, திரும்பும் முகவரியைச் சரியாகக் கொடுக்கவேண்டும். இந்த முழு ஏற்பாட்டிலும் பொறுமையைச் சோதிக்கும் இடம் அதுதான். கூகுள் வேண்டாம் என்பவர்களுக்கு 1.5இல் வேறு காலண்டர்களோடு இணைக்கும் பொது முறையான கால்டாவ் வழியும் உண்டு.

முன்பக்கத்தை மட்டமாகப் பேசிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். அதற்கும் ஒரு கூட்டம் இருக்கிறது, நான் எதிர்பார்த்த கூட்டம் இல்லை, அவ்வளவுதான். சென்னையிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாவுக்காகப் பதிவு செய்கிறார்கள். காலையில் அம்மா வந்து, "மவன் ஏதோ போட்டிருக்கானாம்" என்பார். இவர்களுக்காகவே முன்பக்கத்தைத் தமிழில் வைக்க ஆசைப்பட்டேன். மொழிக் கோப்புகள் ஒவ்வொரு மொழிக்கும் தனி அடைவில், சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கின்றன. ஆங்கிலத்தை நகலெடுத்து, முன்பக்கத்தில் தெரியும் வரிகளை மட்டும் தமிழாக்கி, அமைப்பில் மொழியைச் சேர்த்தோம். புதுப் பதிப்பு ஏற்றும்போது அது அழிந்துபோகலாம் என்பதால் நகல் தனியாக இருக்கிறது. நிலையத்தின் லோகோவையும் நிறத்தையும் வைக்க நிரலைத் தொடவேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை புது நோயாளி யாரும் பதிவு செய்வதில்லை. ராகு காலம். சென்னைப் பிள்ளை தெரியாமல் போட்டுவிட்டால் ஊரிலிருந்து அப்பா போன் அடித்து மாற்றச் சொல்வார். பழைய ஆட்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, வலி இருந்தால் எமகண்டத்திலும் வருவார்கள். அதனால் வெள்ளிக்கிழமை அந்த ஒன்றரை மணியில் தொடர் சிகிச்சைக்காரர்களை அக்கா நிரப்பிவிடுகிறார். இதையெல்லாம் எந்த மென்பொருளும் தானாகக் கற்றுக்கொள்ளாது. ஆனால் இழுத்து நகர்த்தினால் நகர்கிறது, அது போதும்.

வேறு எதையெல்லாம் பார்த்தோம் என்று கேட்பீர்கள். கிரெய்க் நட்சன் எழுதிய வெப்காலண்டர் என்ற பழைய பிஎச்பி ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு. திரும்ப வரும் நிகழ்வுகள் அதில் நன்றாக இருக்கின்றன. ஆனால் அது குழுவாக வேலை செய்பவர்கள் தங்கள் நாட்களைக் குறிக்கும் காலண்டர். சேவை, அதன் நீளம், காலியான நேரம் என்று அது யோசிப்பதில்லை. இணையத்தில் நேரம் பதிய உதவும் கேலண்ட்லி என்ற சேவையின் இலவசக் கணக்கு ஒரே வகைச் சந்திப்போடு நின்றுவிடும், எங்களுக்கு அது காணாது. வெறும் கூகுள் காலண்டரை இரண்டு பேருக்கும் பகிர்ந்து ஓட்டலாமே என்றால், ஓட்டலாம். தெரபிஸ்ட் ஒருவர்தான், முன்பக்கம் தேவையில்லை என்றால் அதுவே போதும். இவ்வளவு சிரமம் வேண்டாம்.

செலவு என்று பார்த்தால் ஸ்கிரிப்டுக்கு ஒன்றுமில்லை. ஹோஸ்டிங்கும் டொமைனும் வருடத்துக்கு 4,000 ரூபாய்க்குள் அடங்குகிறது. தகவலை யாரும் இடையில் படிக்காமல் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸுக்கான சான்றிதழ் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பிடம் இலவசம். அது இல்லாமல் நோயாளியின் போன் நம்பரை வாங்காதீர்கள். நம் சர்வரில் நாமே வைத்திருக்கிறோம் என்றால் பொறுப்பும் நம்முடையதுதான். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சின்னக் கடைகளையும் சும்மா விடுவதில்லை. தனியுரிமைக் கொள்கையையும் விதிமுறைகளையும் காட்ட இதிலேயே இடம் இருக்கிறது, நிரப்பிவிடுங்கள். குறிப்பு எழுதும் கட்டத்தில் நோய் விவரம் எழுதவேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எம்ஆர்ஐ அறிக்கை, மருந்து எல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்கட்டும், இது நேரத்துக்கான இடம். பில், ரசீது, மாத வரவு எதுவும் இதில் வராது. அதற்கு என் பழைய எக்செல்தான்.

காப்பு நகல் எடுக்கக் கட்டளை வரியில் ஓடும் வசதி ஒன்று உள்ளேயே இருக்கிறது. அதைக் கிரானில் (சர்வரில் குறித்த நேரத்துக்கு வேலையைத் தானாக ஓட்டும் வசதி) போட்டு ராத்திரி தோறும் ஓடவிட்டிருக்கிறேன், வாரம் ஒருமுறை பென் டிரைவுக்கும் போகிறது. புதுப் பதிப்பு வந்தால் உடனே ஏற்றுவதில்லை. பழைய அடைவையும் தரவுத்தளத்தையும் நகலெடுத்து, வேறு துணை டொமைனில் ஏற்றிப் பார்த்து, தமிழ்க் கோப்பு சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது மாற்றுகிறேன். அடுத்த பதிப்பின் மாற்றப் பட்டியலில் முதலில் தேடப்போவது பத்து சிட்டிங்கை ஒரே அடியில் போடும் வழி வந்திருக்கிறதா என்பதைத்தான்.